சீமாட்டி அதலீனின் மாக்கோடுகள்

பதினொரு மணிச் சுற்றுக்கு இன்றைக்கு ஆறு பேர்தான், அதில் ஒருவரிடம் பேனா இருக்கிறது. மற்ற ஐந்து பேரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. லியோன் பக்கத்திலிருந்து வந்த வயதான புருஷன் பெண்சாதி, கழுத்தில் கமரா தொங்கும் இரண்டு பெல்ஜியக்காரர், ஐந்தாவது எங்கள் ஊரில் ரொட்டி சுட்டு விற்கிற பாண்கடை மதாம் ரூக்கெத். கடையை மருமகளிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போர்த்துகிற நீலச் சால்வையோடு வந்து நிற்கிறாள். ஆறாவது மொன்சியூர் தெல்மாஸ், மாகாணத் தொல்பொருள் காரியாலயத்தில் பெரியவர். மெலிந்த மனிதர், மரியாதையானவர், உங்களுக்கு டிக்கெட் தேவையில்லை என்று நான் சொன்னதற்கே கூச்சப்பட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. கெட்டவர்களுக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு, நல்லவர்களுக்குச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மோன்வெராக் கோட்டை வாசலில் ஓர் இரும்புப் பலகை வைக்கப் போகிறார்கள், இந்த இடத்தின் சரித்திரம் அதில் பொறிக்கப்படும், அதை எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறார். பலகை வந்தால் கோட்டை அரசாங்கப் பட்டியலில் ஏறும், ஏறினால் என் வேலை நிரந்தரமாகும். பதினொரு வருஷமாகச் சித்திரையில் கூப்பிட்டு ஐப்பசியில் வீட்டுக்கு அனுப்புகிற வேலை இது. நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் காலையிலிருந்து மூன்று தரம் கக்கூசுக்குப் போய்விட்டேன், ஏனென்றால் அவர் இரும்பில் பொறிக்க ஆசைப்படுகிற கதை சரித்திரமே இல்லை. நான் என் வாயால் கட்டியது. என் புருஷன் குகதாசன் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போக சொக்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னார்: "இஞ்சாரும், நீர் கன கதை கதைக்க வேண்டாம். கேட்டால் ஊர்ச்சனம் சொன்னது எண்டு சொல்லிவிடும். எந்தச் சனம் எண்டு அவர் தேடப் போறாரே?" "தேடுவார். அதுதானே அவரின்ர வேலை" என்றேன். "அப்ப செத்துப்போன ஆரையும் சொல்லும்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடினார். அவருக்கு எல்லாம் இலேசு. அவர் சூப் காய்ச்சுகிறவர், சூப்பை யார் சொல்லித் தந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் சுற்று பின்பக்கத்திலிருந்து தொடங்கும். இடிந்த மதிலின் பிளவு வழியாக ஏறி, குட்டித் தேவாலயம், கிணறு, பெரிய மண்டபம், கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் முன்வாசலால் வெளியே வருவோம், எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து நிமிஷம். டிக்கெட் கூண்டடியிலேயே தெல்மாஸ் கேட்டுவிட்டார்: "மதாம், அந்த மாக்கோட்டுக் கதை எங்கட பத்திரங்கள் ஒண்டிலயும் இல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?" பிரெஞ்சில்தான் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் என் காது எதையும் எங்கள் தமிழாக்கித்தான் உள்ளே விடும். "அதை வாசலில வைச்சுச் சொல்லுறன், அங்கதானே நடந்தது" என்றேன். நடந்ததாம்! நடக்காததற்கு இடம் வேறு காட்டுகிறேன். அந்தப் பதிலால் எனக்கு நாற்பத்தைந்து நிமிஷம் கிடைத்தது, அதில் இப்போது ஏழு போய்விட்டது, ஏனென்றால் லியோன்காரக் கிழவி ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து ஏறுகிறாள், ஏறட்டும், இன்னும் மெல்ல ஏறட்டும். "ஆயிரத்து நூற்று நாற்பதுகளில் ஜெரோ என்ற பிரபு ஆற்றுத்துறையைப் பார்த்தபடி இந்தப் பாறையில் முதல் மதிலைக் கட்டினான்" என்று என் வாய் சொல்லிக்கொண்டு போகிறது. வாய் சொல்லும், எனக்கு அதில் பங்கில்லை. முதல் மூன்று வருஷம் நான் இங்கே விளக்குமாற்றோடுதான் இருந்தேன், அப்போது சுற்றுக்காட்டியவர் ஓய்வுபெற்ற வாத்தியார், தினம் நாலு தரம் அதே வசனம், அதே இடத்தில் இருமல். அவர் இடுப்பு முறிந்து படுத்த வருஷம் நகரசபையில் ஆளில்லாமல் தவித்தார்கள், கூட்டுகிற பொம்பிளைக்கு எல்லாம் பாடமாம் என்று மதாம் ரூக்கெத் போய்ச் சொன்னாள். உண்மைதான், இருமல் உட்பட பாடம். ஆர் சொன்னது, ஆர் சொன்னது. ஜெரோவைப் பற்றி எனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லையே. ஜெரோவுக்குப் பத்திரம் இருக்கிறது. ஆற்றுத்துறைக்காரனோடு அவன் போட்ட ஒரு சண்டையை எவனோ ஒரு பாதிரி எழுதிவைத்ததால் எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் அவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. எழுதிவைக்க ஆள் கிடைத்தவன் உண்மையானவன், கிடைக்காதவன் கதை. எனக்குப் பயமாக இருக்கிறது. 

தேவாலயத்துக்குக் கூரை இல்லை, தரையில் கல்லறைப் பலகை ஒன்று மட்டும் மிச்சம். அதில் ஒரு பெண்ணின் பெயருடைய பின்பாதி தெரிகிறது, "லீன்" என்று முடிகிறது, முன்பாதி கால்பட்டுத் தேய்ந்துவிட்டது. அதை அதலீன் ஆக்கியதும் நான்தான். மொன்சியூர் தெல்மாஸ் குந்தியிருந்து விரலால் தடவிப் பார்க்கிறார். அந்தப் பெயரை நான் வைத்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மழைநாளில். சுற்றுக்கு ஒரே ஒரு ஆள், காலில் சேறு அப்பிய ஒரு நடுவயதுக்காரி, பிள்ளைகுட்டி புருஷன் இல்லாமல் தனியாக வந்தவள். ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்பதாம் ஆண்டு முற்றுகையை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். எதிர்ப்படை அந்த எதிர்மேட்டில் வால்நட் மரங்களுக்குள் பாளையம் போட்டது, பிரபு வெளியே எங்கோ போரில் இருந்தார், உள்ளே கிழவரும் பெண்களும், எழுபத்தொரு நாள். பிறகு முற்றுகை விலகியது. பத்திரத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, விலகியது என்று ஒரு வரி, ஏன் என்று இல்லை. அந்தப் பெண் குடைக்குள்ளிருந்து கேட்டாள்: "அந்த எழுபத்தொரு நாளும் பொம்பிளையள் என்ன செய்தவை?" வாத்தியாருடைய பாடத்தில் பெண்களே கிடையாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை கேள்விக்குத் தெரியாது என்று சொன்னவள் நான். ஆனால் அன்றைக்கு வாய் திறந்துகொண்டது: "மா முடிஞ்சுபோச்சு. ஆனா அதை வெளியில காட்டக்கூடாது. அதலீன் எண்ட சீமாட்டி சுண்ணாம்பை இடிச்சு, ஒவ்வொரு நாள் விடியவும் வாசல்ல ஒரு ஈட்டிக்கம்பைக் கிடத்தி, அதையொட்டி வெள்ளைக்கோடு போட்டா. மண்ணில கொட்டுற அளவுக்கு உள்ளுக்கு மா கிடக்குது எண்டு எதிரி நினைச்சான், பாளையத்தைக் கிளப்பிக்கொண்டு போட்டான்." அந்தப் பெண் அழுதாள். மழையில் நின்று அழுதுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வந்து பதினாலு வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டு இந்த நாட்டில் அழுத முதல் ஆள் அவள்தான், அதுதான் என்னைக் கெடுத்தது. அடுத்த சுற்றிலும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அதுகூட மழைக்குத்தான் கத்தும், நான் வெயில்காலம் முழுக்கக் கத்தினேன். "ஈட்டிக்கம்பு ஏன் மதாம்?" என்று குந்தியிருந்தபடியே தெல்மாஸ் கேட்கிறார். "கதை அப்பிடித்தான் கேள்விப்பட்டன், வெறுங்கையால போட்டா கோடு நேரா வராதாக்கும்" என்கிறேன். ஈட்டியில்லை ஐயா, உலக்கை.

கிணற்றடியில் எல்லோரும் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பது வழக்கம், நான்கு எண்ணினால் சத்தம் வரும். பெல்ஜியக்காரன் ஒன்று போடுகிறான். ஒன்று, இரண்டு. தெல்மாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்க்கிறார், பேனா வைத்திருந்த இன்னொருவரும் இப்படித்தான் ஏற்றிவிடுவார். மூன்று. பாரிசில், அகதி மனு விசாரிக்கிற அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்க்க வந்த ஒரு மட்டக்களப்பு அண்ணர். நான்கு, தண்ணீர். ஏன் ஊரை விட்டு வந்தாய் என்று கேட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் அம்மா வாசலில் சுண்ணாம்பு போட்டதிலிருந்து தொடங்கினேன். அண்ணர் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "தங்கச்சி, இதை விடுங்கோ, இதை அவர் எழுத மாட்டார். அடிச்சதைச் சொல்லுங்கோ, திகதியைச் சொல்லுங்கோ." நான் விடவில்லை, சொன்னேன். அந்த மனிதர் பேனாவை மேசையில் படுக்கவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குக் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார்கள், அவர் என் கதையைக் கேட்டுவிட்டுக் இவ்வளவும் காணாது என்றார், என் பெரியம்மா மகனுக்கு நடந்ததை எனக்கு நடந்ததாக மாற்றி, மூன்று திகதிகளைப் போட்டு, பாடமாக்கு என்று தந்தார். பாடமாக்கினேன். எனக்குப் பாடமாக்கத்தான் வருமே. அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாஸ்போர்ட் எடுத்து ஒன்பது வருஷம், இனி ஒருவரும் அந்தக் கோப்பைத் திறக்கப் போவதில்லை என்று என் புருஷன் ஆயிரம் தரம் சொல்லிவிட்டார். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு கேட்குமா? மோன்வெராக் வழிகாட்டி சரித்திரத்தையே புனைந்தாள் என்று ஒரு பேப்பரில் ஒரு மூலையில் வரும், எங்கோ ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒருவர் தேநீர் குடித்தபடி அதை வாசிப்பார், யார் இந்த நிரஞ்சலா குகதாசன், இவள் வேறு என்ன புனைந்தாள் என்று அலமாரிப் பக்கம் போவார். நடக்காது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். "சரியான ஆழம்" என்கிறாள் லியோன்காரி. ஓம் மதாம், நாற்பது மீட்டர், பாறையைக் குடைந்தது, இது உண்மை, இதற்குப் பத்திரம் இருக்கிறது.

பெரிய மண்டபத்தில் எரிந்த கல்லைக் காட்டுகிறேன், மதச்சண்டைக் காலத்தில் வைத்த தீ, கறுப்பு இன்னும் போகவில்லை. கோபுரத்தின் பாதியைக் காட்டுகிறேன். பிரபுக்கள் திமிர் பிடித்துவிடக்கூடாது என்று பாரிசிலிருந்து ராஜாவின் ஆட்கள் வந்து அடியில் வெடிமருந்து வைத்தார்கள், பாதிதான் விழுந்தது, மிச்சத்துக்கு மருந்து போதவில்லையோ மனம் வரவில்லையோ. அதன் பிறகு கோட்டையை உண்மையில் அழித்தது எதிரி இல்லை, எங்கள் ஊர்ச்சனம். இருநூறு வருஷமாக ஒவ்வொருவராக வண்டி கொண்டுவந்து கல்லை ஏற்றிப் போனார்கள், பன்றிக்கூட்டுக்கும் படிக்கட்டுக்கும் மதிலுக்கும். இந்த இடத்தில் மதாம் ரூக்கெத் எப்போதும்போல் குறுக்கே விழுவாள், விழுகிறாள்: "எங்கட பாண் அடுப்பின்ர வாய்க்கல்லு இந்த மண்டபத்துக் கல்லுத்தான் மொன்சியூர்! எங்கட பாட்டனார் களவெடுத்தது. தண்டனை எண்டால் இப்ப என்னைத்தான் பிடிக்க வேணும்." எல்லோரும் சிரிக்கிறார்கள், தெல்மாசும் சிரிக்கிறார், நான் மட்டும் அவளுடைய சால்வையைப் பார்க்கிறேன். அவளுக்கு எழுபத்தாறு வயது. நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் கதவில் தட்டிய ஒரே ஆள், கையில் சூடான பாண், என் பெயரைச் சொல்லத் தெரியாமல் நிரா நிரா என்று கூப்பிட்டவள். நான் கட்டிய கதை அவள் காதுக்குச் சுற்றுலாக்காரர் வாயிலாகத்தான் போனது. போனதும் பாணுக்கு மேல் மாவால் கோடு போட்டு சீமாட்டிப் பாண் என்று அடுக்கினாள். அடுத்த ஆகஸ்டில் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து, ஆளுக்கொரு கம்பைக் கிடத்தி, ஊர்த் தேவாலயத்திலிருந்து கோட்டை வரை ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டாள். இந்த ஆகஸ்டில் இருநூறு பேர். தலைமைக்காரி இவள், வெள்ளை முக்காடு, முழங்காலில் நிற்கமாட்டாதவள் அன்றைக்கு மட்டும் நிற்பாள். என்னைக் கூப்பிட்டு முதற்கோட்டைப் போடச் சொன்னார்கள். போட்டேன், கை நடுங்காமல் போட்டேன், "பார், பழகின கைபோலப் போடுறாள்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இப்போது நான் உண்மையைச் சொன்னால் வேலை போகும், போகட்டும் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். இவளை என்ன செய்வேன்? வந்தேறி ஒருத்தி சொன்ன பொய்க்கு முழங்காலில் நின்ற கிழவி என்று பக்கத்து ஊர் சிரிக்குமே. சொல்லாமல் விட்டால் அது இரும்பில் ஏறும், நான் செத்த பிறகும் அங்கே நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதுவார்கள். இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.

கோபுரப்படி அறுபத்தாறு. வயதானவர்கள் கீழே நிற்கலாம் என்கிறேன், ஒருவரும் நிற்கவில்லை, ஏறுகிறார்கள், நான் கடைசியில் ஏறுகிறேன். கல்லெல்லாம் சுண்ணாம்புக்கல், கையால் பிடித்தால் வெள்ளையாக ஒட்டும், நான் பிறந்த ஊர்க் கிணற்றுக்கல்லும் இதே நிறம், அதனால்தானோ என்னவோ முதன்முதல் இங்கே கூட்ட வந்த அன்றைக்கே எனக்கு மணம் பிடிபட்டது. அங்கே, அப்போது எனக்குப் பதினாலு வயது. சண்டையில் அரசாங்கம் ஊருக்குள் ஒன்றும் வரவிடாமல் தடை போட்டிருந்த காலம், மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. அரிசி கொண்டுவருகிறேன், பொங்கலுக்கு முந்தி வந்துவிடுவேன் என்று அப்பா, நேவிக்காரன் சுடுகிற கிளாலிக் கடலால் வன்னிக்கு வள்ளம் ஏறினார். பொங்கல் வந்தது, அவர் வரவில்லை. அம்மா விடிய எழும்பி முற்றம் மெழுகினாள், கோலம் போட உலக்கையைக் கிடத்தினாள், மாப்பேணியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய், கிணற்றுக்கட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை எடுத்துவந்து, கட்டியை நசித்து, உலக்கையையொட்டித் தூவினாள். உலக்கையை எடுத்தால் கோடு, வடிவான கோடு, அரிசிமாவைவிட வெள்ளை. வேலிக்கு மேலால் இரத்தினம் மாமி எட்டிப் பார்த்தாள்: "என்ன பிள்ளை, மாவெல்லாம் போட்டுக் கிடக்கு, அவர் வந்திட்டாரே?" அம்மா நிமிரவில்லை. "அரிசி குடுத்துவிட்டவர் மாமி. தான் பின்னால வாறாராம்." அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அரிசி வந்த வீடு என்று சொல்லியாகிவிட்டது, அடுத்த நாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும். எங்கள் பக்கத்தில் யாரும் தினம் கோலம் போடுவதில்லை, இவள் போட்டாள், அவர் இல்லாத வீடு என்று வாசல் காட்டிவிடக்கூடாது என்று. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னாள்: "எறும்பு வரேல்லை பார். மாவெண்டால் எறும்பு வரும். தேங்காய்ப்பூ கொஞ்சம் கொண்டுவா." கோட்டின் ஓரமாகத் துருவிய தேங்காய்ப்பூவைத் தூவிவிட்டு எறும்பு வரும்வரை நானும் அவளும் குந்தியிருந்தோம். வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் கிளாலியால் வந்தவர்கள் அப்பாவின் செய்தி கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் வாசல் வெறுமையாகக் கிடந்தது, இரத்தினம் மாமி ஒன்றும் கேட்கவில்லை. எறும்பை நான் இங்கே ஒரு சுற்றிலும் சொன்னதில்லை. பிரபுவின் சாவையும் சொன்னதில்லை, என் கதையில் எதிரி ஓடிவிடுகிறான், கோடு வென்றுவிடுகிறது. அம்மாவை நான் ஜெயிக்கவைத்தேன். அதுகூடப் பொய்தான். "மதாம், சுகமில்லையோ?" என்று மேலேயிருந்து தெல்மாஸ் கேட்கிறார். நாற்பத்தோராம் படியில் நின்றுவிட்டேன் போல. மூச்சு வாங்குது, வாறன், வாறன்.

வாசல். வந்தே விட்டது. இரண்டு தூண், மேலே பாதி வளைவு, முன்னால் பள்ளத்தின் மேல் நகரசபை போட்ட மரப்பாலம், எதிர்மேட்டில் வால்நட் மரங்கள். வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கிறது. கதையைச் சொல்கிறேன், வழமைபோலத்தான் சொல்கிறேன், நாற்பதாம் நாள் மா முடிந்தது, சுண்ணாம்பு, ஈட்டிக்கம்பு, எதிரி, எழுபத்தொன்று. பெல்ஜியக்காரர் கைதட்டுகிறார்கள். மொன்சியூர் தெல்மாஸ் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்கிறார்: "இனிச் சொல்லுங்கோ மதாம், ஆர் சொன்னது?" செத்துப்போன ஆரையும் சொல்லும். இடுப்பு முறிந்த வாத்தியார் போன வருஷம்தான் செத்தார், நல்ல மனிதர், மறுத்துச் சொல்ல வரமாட்டார், அவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரு பெயர், அவ்வளவுதான், இரவு நிம்மதியாகச் சோறு இறங்கும். ஆனால் இந்த மனிதர் பேனாவைப் படுக்கவைக்கவில்லை, பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். என் வாயிலிருந்து வரும் ஒன்றை எழுதவென்றே மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி வந்திருக்கிறார். இவரையும் ஏமாற்றினால் பிறகு நான் யாரிடம்தான் உண்மை சொல்வது? "ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். "ஒருத்தரும் சொல்லேல்லை மொன்சியூர். நான் கட்டினது. எட்டு வருஷத்துக்கு முந்தி, மழைக்குள்ள நிண்டு, நானாக் கட்டினது."

உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது, அழுதுவிடுவேன் போலிருந்தது, சொல்லிவிட்டேன், அம்மா, சொல்லிவிட்டேன். அப்போது மதாம் ரூக்கெத் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவள் எப்பவும் இப்பிடித்தான் மொன்சியூர், பெரிய மனுசரைக் கண்டால் பயந்திடுவாள். அதை எழுதாதையுங்கோ. இந்தக் கதை எனக்கு எங்கட அம்மா சொன்னது. நான் மேசைக்குக் கீழ இருந்து விளையாடுற வயசு. அம்மா பாண்மேசையில மாவைத் தூவி, உருட்டுக்கட்டையைக் கிடத்தி ஒரு கோடு போட்டிட்டுத்தான் வேலை தொடங்குவா. இது சீமாட்டிக்கு எண்டு சொல்லுவா. எனக்கு இப்பவும் அந்தக் கோடு கண்ணுக்குள்ள நிக்குது." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய்யை எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும், கண்ணிமையில் தெரியும், கழுத்தில் தெரியும். இவள் முகத்தில் அது இல்லை. கண் கலங்கியிருக்கிறது, அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இவள் வந்தது நேற்று முந்தநாள். எங்கட கதையை இவள் எப்பிடிக் கட்டுவாள்?" என்று அவள் அன்பாகத்தான் சொன்னாள், என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு சொன்னாள். அடித்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. மொன்சியூர் தெல்மாசின் முகம் மலர்ந்துவிட்டது, அவருக்குத் தேவையான ஆள் கிடைத்துவிட்டாள். அம்மாவின் பெயர், பிறந்த ஆண்டு, எந்த வீடு, எல்லாம் கேட்டு எழுதினார், வாய்வழி மரபு, இரண்டு தலைமுறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னை வெட்கப்படுத்திவிடக்கூடாது என்று அவர் யோசிப்பது எனக்கே தெரிந்தது. "மதாம், ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையுங்கோ. உங்கட நாட்டில இப்பிடி ஏதும் இருக்கோ? வாசல்ல மாவால கோடு போடுற பழக்கம்? இருந்தால் ரெண்டும் உங்களுக்கு ஒண்டாக் கலந்திருக்கலாம், அதுதான் கேக்கிறன்." இவ்வளவு வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. ஓம் என்று ஒரு சொல், அதற்குப் பின்னால் உலக்கை வரும், பேணி வரும், அம்மா வருவாள். அதற்குப் பிறகு இந்தக் கிழவியின் அம்மா எங்கே போவாள்? மதாம் ரூக்கெத் என் கையை விடவில்லை. சிரித்துக்கொண்டு நிற்கிறாள், நகத்துக்குள் காலையில் பிசைந்த மா காய்ந்திருக்கிறது, தன் வீட்டுக் கதையைத் தனக்கே திருப்பிச் சொன்னவள் என்று என்னைப் பெருமையாகப் பார்க்கிறாள். பேனா தாளுக்கு மேல் நிற்கிறது.

"இல்லை" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.